தெஹிவளையில் இருந்து கோட்டை வரை எந்த ஹெட்போன்?

“அண்ணா, கன்னத்தில் என்ன கரி?” என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தங்கச்சி கேட்ட நாளில்தான் என் பழைய ஹெட்போனின் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கரி இல்லை. காதை மூடும் மெத்தையின் மேல்தோல் உரிந்து, கறுப்புத் துகள்களாகக் கன்னத்திலும் சட்டைக் கொலரிலும் ஒட்டியிருந்தது. தோல் என்று சொல்லி விற்றாலும் அது தோல் அல்ல, துணியின்மேல் பூசிய பொலியூரிதேன். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் நீர் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். தொடாமல் அலுமாரியில் வைத்திருந்தாலும் கொழும்பில் அது உரியத்தான் செய்யும். மூன்று மழைக்காலங்களைத் தாண்டியதே அதன் கெட்டித்தனம்.

புதிதாக ஒன்று வாங்க முப்பதாயிரம் ரூபா ஒதுக்கினேன். வாங்குவதற்கு முன் நண்பர்களிடம் இரவல் கேட்டு, ஒவ்வொரு வகையையும் சில நாட்களாவது அதே வழியில் காதில் மாட்டிப் பார்த்தேன். வீட்டுச் சோபாவில் இருந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பாட்டுக் கேட்பது சோபாவில் அல்ல.

காலையில் தெஹிவளையில் ரயில் ஏறுகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, பிறகு கோட்டை; வழியில் பெரும்பகுதி கடலோரம். இலங்கையில் மின்சார ரயில் பாதை கிடையாது, எல்லாம் டீசல்தான். அந்த இயந்திரத்தின் உறுமல் தாழ்ந்தது, மாறாதது. பெட்டியின் தரை வழியாக உள்ளங்காலிலும் ஏறும். மாலையில் காலி வீதியில் பஸ். பாணந்துறை போகும் 100, மொறட்டுவை போகும் 101, எது முதலில் நிற்கிறதோ அது. பஸ்ஸின் சத்தம் வேறு சாதி. ஹோர்ன், பிரேக்கின் கீச்சு, நடத்துநர் ஊர்ப்பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் குரல், போதாததற்குச் சாரதி தன் விருப்பத்துக்கு அலறவிடும் பாட்டு. ரயிலின் உறுமலை அடக்கும் கருவி பஸ்ஸின் ஹோர்னையும் அடக்கும் என்று எண்ணித்தான் நம்மில் பலர் காசை விடுகிறோம்.

ஒலித்தரத்தைப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகிவிடும்: 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10, 89 என்றால் 5. குழந்தைகளுக்குத் தொடக்க எல்லையே 75 டெசிபல்தான். நடை, காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்த்து நான் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்கிறேன். ஐந்து நாளில் பத்து. ஆகவே 86 டெசிபலில் கேட்டால் ஒரு வாரத்துக்கான முழுப் பங்கும் பயணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு ஒரு கச்சேரி கேட்க மிச்சம் இல்லை.

பஸ்ஸுக்குள் 86 டெசிபலைத் தொடுவது மிக எளிது. வெளியே இரைச்சல் இருக்க, அதற்கு மேலாகப் பாட்டு கேட்க வேண்டும் என்று விரல் தானாகவே ஒலியைக் கூட்டிவிடும். வீட்டுக்கு வந்து அதே அளவில் கேட்டுப் பாருங்கள், தூக்கிவாரிப்போடும். அதனால் நான் முதலில் பார்த்தது வெளிச்சத்தத்தை எது எவ்வளவு தடுக்கிறது என்பதை. ஒலித்தரம் அதற்குப் பிறகு.

தடுப்பு என்றவுடன் எல்லோரும் சொல்வது இரைச்சல் நீக்கும் பெரிய ஹெட்போன்களை. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவரும் போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவருமான அமர் போஸ், 1978இல் சூரிச்சில் இருந்து திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இயந்திர இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத எரிச்சலில் இந்த யோசனையைக் கணக்குப் போடத் தொடங்கினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. பொதுமக்கள் வாங்கக்கூடிய அவரது நிறுவனத்தின் குவைட்கம்பர்ட் ஹெட்போன் வந்தது 2000ஆம் ஆண்டில். அதற்குள் இருக்கும் சூத்திரம் சுலபமானது. கருவியில் உள்ள மைக்ரோபோன் வெளியில் இருந்து வரும் ஒலியலையைப் பிடிக்கும். அந்த அலையின் முகட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு முகடுமாக ஓர் எதிர் அலையைக் கருவி காதுக்குள் விடும். இரண்டும் சந்தித்துக் கரையும். ஆனால் எதிர் அலை நேரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். தாழ்ந்த, மாறாத ஒலியில் அது எளிது. ஏறக்குறைய ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே போகும் ஒலியில், திடீரென்று வரும் ஒலியில், கருவி பின்தங்கிவிடும்.

ஆகவே ரயிலில் இது மாயம்தான். நண்பர் ஒருவரின் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஐ ஒரு வாரம் வைத்திருந்தேன். தெஹிவளையில் ரயில் புறப்பட்டதும் பொத்தானை அழுத்தினேன். அடுப்பில் கொதிக்கும் உலையை யாரோ சட்டென்று இறக்கி வைத்ததுபோல் இருந்தது. தம்பூராவின் கார்வையை, ஓடும் ரயிலில், மெதுவான ஒலியில் முதன்முதலாகக் கேட்டேன். அதே மாலை பஸ்ஸில் ஏறினேன். இயந்திர உறுமல் போய்விட்டது. அது போன இடத்தில் நடத்துநரின் “கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை” வழக்கத்தைவிடத் தெளிவாக, எழுத்தெழுத்தாகக் கேட்டது. ஹோர்னுக்கும் அதே கதிதான். பின்னணியைத் துடைத்துவிட்டு முன்னால் இருப்பவற்றைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது.

விலையைச் சொல்லாமல் இதைப் பேசுவது நியாயம் இல்லை. 2022இல் அந்த மொடல் வந்தபோது அமெரிக்க விலை 399.99 டொலர். அதே ஆண்டு மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இப்போது 300 என்று வைத்துக்கொண்டாலும் 120,000 ரூபா, அதுவும் 18 சதவீத வற்வரியும் மற்றவையும் சேர்வதற்கு முன்னால். என் முப்பதாயிரத்தில் அதன் ஒரு பக்கக் காதுகூட வராது. முப்பதாயிரத்துக்குள்ளும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் கிடைக்கின்றன, உறுமலை ஓரளவு குறைக்கவும் செய்கின்றன. ஆனால் எனக்கு விலையைவிடப் பெரிய தடை வியர்வை. 250 கிராம் எடையில், காதை முழுவதும் மூடிய இரண்டு கிண்ணங்கள். குளிரூட்டிய அறையில் சுகம். ஏப்ரல் மாதத்து நெரிசலில், ஜன்னல் கிடைக்காத இடத்தில், இருபது நிமிடத்தில் காதைச் சுற்றி ஈர வளையம். கழற்றினால் எங்கே வைப்பது? இந்த மொடல் உள்ளே மடங்காது. இதற்கு முந்தைய 2020ஆம் ஆண்டு மொடல் மடங்கும். 2025இல் வந்த அடுத்த மொடலில் மடிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னைப்போல் பலர் முறைப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஊரில் உறுமலை அழிக்கும் அந்தத் திறமையே ஆபத்தாகும் இடம் ஒன்றும் உண்டு. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்கரைக்குப் போகிறவர் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். பலர் குறுக்குவழியாகத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடக்கிறார்கள். அலையும் காற்றும் ரயிலின் சத்தத்தை ஏற்கெனவே பாதி விழுங்கிவிடுகின்றன. மீதியாக வருவது அந்தத் தாழ்ந்த உறுமல், அதாவது இந்தக் கருவி குறிபார்த்து அழிக்கும் அதே ஒலி. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி பெரும்பாலான மொடல்களில் இருக்கிறது. நடக்கும்போது அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போட மறந்த ஒரு நாள் போதும். தண்டவாளம் வந்ததும் கழற்றிக் கழுத்தில் போடுங்கள். எந்த வகை வாங்கினாலும் இது பொருந்தும்.

இயர்பட் என்ற வயர் இல்லாத மொட்டுகளுக்கு வருவோம். 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் இருந்து ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு, அதே ஆண்டில் ஏர்பொட்ஸைக் கொண்டுவந்தது. அதன் பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. இப்போது காலை ரயிலில் நான் எண்ணிப் பார்க்கும் காதுகளில் பெரும்பாலானவற்றில் இதுதான் இருக்கிறது. காரணமும் இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும், வயர் சிக்காது, தொலைபேசியில் பேச வசதி, ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு மற்றக் காதை ஊருக்குக் கொடுக்கலாம். சிலிக்கோன் நுனி உள்ளவை காதுத்துளையை அடைப்பதால் ஹோர்னின் கூர்மை குறையும். இரைச்சல் நீக்கமும் சேர்ந்திருந்தால் உறுமலும் குறையும். கருத்தளவில் பார்த்தால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே மருந்து இதுதான் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் முடிவெடுக்க இருந்தேன்.

பிறகு பம்பலப்பிட்டி நிலையத்தில் நடந்ததைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத் தம்பி ஒருவன், நெரிசலில் மிதிபலகையில் கால் வைக்கும்போது, பின்னால் வந்தவரின் தோள் அவன் இடது காதில் உரசியது. வெள்ளை மொட்டு மேடையில் ஒருமுறை குதித்து, மேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியால் கீழே போனது. ரயில் போன பிறகு மூன்று பேர் குனிந்து தேடினோம். சரளைக்கல், டிக்கெட் துண்டு, யோகட் கோப்பை எல்லாம் கிடைத்தன. வலது காது மொட்டும் பெட்டியும் இன்னும் அவன் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றை எறியவும் மனம் வரவில்லை, தனியாக ஓர் இடது மொட்டு வாங்கவும் வழி கிடைக்கவில்லை.

விழாமல் பார்த்துக்கொண்டாலும் பற்றரி இருக்கிறது. மொட்டுக்குள் இருப்பது ஒரு பயற்றம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய லித்தியம் பற்றரி. நாள்தோறும் சார்ஜ் ஏறி இறங்கி, இரண்டு மூன்று வருடத்தில் அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும். பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்ற முடியாது, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். முப்பதாயிரம் கொடுத்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் வாடகை கொடுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மழையைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எத்திசையில் இருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். ஒக்டோபர், நவம்பர் மாலை இடிமழையில் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடும் தூரத்துக்கு அது போதும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. வியர்வையின் உப்புக்கு அது பதில் சொல்லாது, கடற்காற்றின் உப்புக்கும் இல்லை. சார்ஜ் ஏற்றும் பெட்டியின் சிறிய உலோக முனைகளை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கழுத்தில் மாலைபோல் கிடக்கும் நெக்பேண்ட் வகையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முச்சக்கர வண்டிச் சாரதிகளும் காவலாளிகளும் இதைத்தான் போட்டிருக்கிறார்கள், அவர்கள் கணக்குத் தப்புவதில்லை. கழன்றாலும் நெஞ்சில்தான் தொங்கும். பற்றரி பெரிது. விலை குறைவு. நாளுக்கு இருபது அழைப்பு வருகிறவர் இதை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை, காலையில் காலிமுகத்திடலில் ஓடுகிறவர்களுக்கு நல்லது. காது முழுவதும் திறந்திருக்கும். அதே காரணத்தால் பஸ்ஸுக்குள் அதில் ஒன்றும் கேட்காது.

காதுமேல் பட்டும் படாமலும் உட்காரும் சிறிய ஹெட்போன்களில் எனக்கு ஒரு பாசம் உண்டு. 1979இல் வந்த சோனி வோக்மனோடு கொடுத்த, பஞ்சு வைத்த மெல்லிய ஹெட்போனின் வம்சம் அது. மாமா ஒருவர் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த ஒன்றை எங்கள் வீட்டில் முறைவைத்துக் கேட்டோம். அந்த வம்சத்தில் 1984இல் வந்த கொஸ் போர்ட்டா ப்ரோ இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையாகிறது. பின்பக்கம் திறந்த அமைப்பு என்பதால் குரல் தலைக்குள் அடைபடாமல் வெளியே நின்று பாடுவதுபோல் இருக்கும், வியர்க்கவும் வியர்க்காது. ஆனால் திறந்த கதவு இரண்டு பக்கமும் திறந்தது. பஸ்ஸின் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து இருக்கைக்காரரின் காதுக்குப் போகும். விகாரமகாதேவிப் பூங்காவில் நடக்க, இரவில் வீட்டு முற்றத்தில் இருக்க, இதைவிட நல்லது இல்லை. என் கேள்வி அதுவல்ல.

இதே அளவில் பின்பக்கம் மூடிய வகையும் இருக்கிறது. 1988இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 அதில் பெரியவர். 140 கிராம். மின்தடை 70 ஓம், போனுக்குச் சற்று அதிகம்தான், ஆனாலும் சாதாரணப் போனிலேயே நன்றாக ஒலிக்கும். வயர், மெத்தை, தலைப்பட்டி என்று ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி மாற்றலாம். இசை ஒலிபரப்பாளர்களும் ஒலிப்பதிவாளர்களும் பல ஆண்டுகளாக இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், ஏனென்றால் காதை இடுக்கிபோல் அழுத்தும். கண்ணாடி போடாதவர் இதை யோசிக்கலாம். நான் போடுகிறேன். கொள்ளுப்பிட்டி வரும்போது கண்ணாடிக் காம்பு மண்டையோட்டில் பதிய ஆரம்பிக்கும், கோட்டையில் இறங்கும்போது தலைவலி காத்திருக்கும்.

மிச்சம் இருப்பது வயர் உள்ள, காதுத்துளைக்குள் நுழையும் இயர்போன். போன் பெட்டிக்குள் இலவசமாக வந்துகொண்டிருந்த காரணத்தால் இதை யாரும் மதிப்பதில்லை. காது கேட்கும் கருவிகளை ஆராய்ந்த மீட் கில்லியனின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் ஈஆர்-4 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆழமாக நுழையும் அதன் நுனி 35 டெசிபலுக்கு மேல் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் என்பது அவர்கள் தரும் கணக்கு. பற்றரியும் இல்லை, மைக்ரோபோனும் இல்லை. புட்டிக்குத் தக்கை போட்டதுபோல் காதை அடைத்துவிடுவதுதான் வித்தை. சாதாரண சிலிக்கோன் நுனியில் அவ்வளவு வராது. ஆனால் இந்த அடைப்பு, எதிர் அலைக் கருவி தோற்கும் இடத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது: ஹோர்ன், கீச்சு, மனிதக் குரல். தாழ்ந்த உறுமல் மட்டும் கொஞ்சம் உள்ளே வரும். ரயிலில் பெரிய ஹெட்போன் வெல்கிறது. பஸ்ஸில் இது வெல்கிறது. எனக்கு நீண்ட பயணம் பஸ்ஸில்தான்.

இங்கே எல்லாம் நுனியில் இருக்கிறது, கருவியில் அல்ல. வாங்கியவர்களில் பாதிப்பேர் பெட்டியில் பொருத்தி வந்த நடுத்தர நுனியையே காலமெல்லாம் போட்டுக்கொண்டு, ‘கீழ்ச்சுருதியே இல்லை’ என்று குறைபடுகிறார்கள். என் இடது காதுக்கு நடுத்தரம் பொருந்துகிறது, வலது காதுக்குச் சிறியது. இது குறைபாடு அல்ல, பலருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காதுமடலை மறுகையால் மேலே பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நுனியைச் சற்றுத் திருகி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். சரியாக உட்கார்ந்தால் ஊர் ஒரு கதவுக்குப் பின்னால் போய்விடும்.

சோதிக்க எனக்கு மிருதங்கம் போதும். இடப்பக்கத் தொப்பியின் ‘தோம்’ தாழ்ந்த ஒலி, வலந்தலையின் ‘நம்’ உயர்ந்தது. நுனி சரியாக அடைக்காவிட்டால் முதலில் காணாமல் போவது தொப்பி. யாரோ தகரத்தில் தட்டுவதுபோல் வலந்தலை மட்டும் மிஞ்சும். மாறாக, ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று பெட்டியில் பெருமையாக அச்சடித்த வகைகளில் தொப்பி வீங்கிப் பாடகரின் குரலை மூடிவிடும். அடுத்ததாக நாதஸ்வரம். மனிதக் காது மிகவும் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. மலிவான கருவிகள் ‘தெளிவு’ காட்டுவதற்காக அந்த இடத்தைத்தான் தூக்கிவிடுகின்றன. மேல் சட்ஜத்தில் நாதஸ்வரம் நின்று ஊதும்போது கண் சுருங்கினால் அந்த இயர்போனைக் கீழே வையுங்கள். வேறு எந்தப் பட்டியலும் அளவீடும் பார்க்கத் தேவையில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். காது அடைபட்டால் நம் உடம்பின் சத்தம் உள்ளே பெரிதாகும். கடலை மென்றால் சரளைக்கல்லில் லொறி ஏறுவதுபோல் கேட்கும். வயர் சட்டையில் உரசுவதும் கேட்கும். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் விட்டால் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நெரிசலில் ஒருவரின் பைப்பட்டி வயரில் மாட்டி இழுத்ததும் உண்டு. வெளிப்படையான பிளாஸ்டிக் உறைக்குள் செம்பு வயர் தெரியும் வகை அழகுதான், ஆனால் காதோரம் வியர்வை படும் இடத்தில் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடித்துவிடும். ஒலிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் பாசி.

மறுபக்கத்தில், வயர் கழன்று மாட்டும் வகையை வாங்கினால் அறுந்தது வயர் மட்டும்தான், இயர்போன் அல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில், போனில் மிஞ்சிய பற்றரியை எண்ணி எண்ணிச் செலவழித்தபோது, தனக்கென்று ஒரு துளி மின்சாரம் கேட்காத ஒரே கருவி இதுதான். இன்னொன்றும் உண்டு. எஃப்எம் வானொலி உள்ள பெரும்பாலான போன்களில் ஏரியல் என்று தனியாக எதுவும் கிடையாது. செருகிய இயர்போனின் வயர்தான் ஏரியல். புளூடூத் மொட்டோடு மட்டும் போனில் வானொலியைத் திறந்தால், முதலில் வயரைச் செருகு என்று கேட்கும். இணையத்தில் கேட்கலாம் என்பீர்கள், டேட்டா யாருடைய காசு? தென்றல் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் அப்பா அதில் ஒருவர்.

போனில் துளை இல்லையே என்பது நியாயமான கேள்வி. யூஎஸ்பி-சி முனையில் செருகும் சிறு வால் ஒன்று வேண்டும், கடைகளில் டொங்கிள் என்பார்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலவற்றுக்குள் இலக்க ஒலியைக் காதுக்கு ஏற்ற அலையாக மாற்றும் சிறு சில்லு இருக்கும். சிலவற்றில் வெறும் வயர்தான், மாற்றும் வேலையைப் போனே செய்ய வேண்டும். எல்லாப் போனும் அதைச் செய்வதில்லை. உங்கள் போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறேன்: பெரிய பெயர் அச்சடித்த பெட்டி, உள்ளே பெயரை மட்டும் கடன் வாங்கிய சாமான், ஒரு மாதத்தில் ஒரு பக்கம் ஊமை. இம்முறை வேறு கடை. முதலாளி நேர்மையானவர், எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

“கொம்பனிச் சாமானா தம்பி, கொப்பியா?”

“கொம்பனிதான் நானா. வயர் கழலுகிற மாதிரி இருந்தால் காட்டுங்கள்.”

“வயரா?” என்று என்னை ஏறஇறங்கப் பார்த்தார். “இப்போது எல்லோரும் வயர் இல்லாததைத்தானே கேட்கிறார்கள்.” சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்து தூசு படிந்த நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தார். கேஇசட், மூன்ட்ரொப் போன்ற சீன நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளில் இந்த வகையின் விலையைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டன. வெளிநாட்டில் 20 டொலருக்கே நல்லது கிடைக்கிறது. வரியும் இலாபமும் சேர்த்து நானா சொன்ன விலை எட்டாயிரத்து ஐந்நூறு. மாதிரிக்குத் திறந்திருந்த ஒன்றை வாங்கி, என் போனில் செருகி, மிருதங்கத்தை ஓடவிட்டேன். தொப்பி தன் இடத்தில் இருந்தது. நாதஸ்வரம் கண்ணைச் சுருக்கவில்லை. வெளியே நாட்டாமிமார் கைவண்டி தள்ளிக்கொண்டு கத்தியது, வாயசைப்பாக மட்டும் தெரிந்தது. பேரம் பேசி எட்டாயிரத்துக்கு இறக்கினேன். சில்லு உள்ள டொங்கிள் ஒன்று தனியாக இரண்டாயிரத்து முந்நூறு.

மீதிப் பணத்தில் பழைய ஹெட்போனுக்குத் துணி மெத்தை ஒரு சோடி எடுத்தேன். துணி உரியாது, கழுவலாம். இனி அது வீட்டை விட்டு வெளியே வராது. பெரிய இரைச்சல்நீக்கிக்கு ஆசை போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குளிரூட்டியின் ஓயாத முனகலுக்குள் எட்டு மணித்தியாலம் உட்காரும் எங்கள் கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன், காசு இருந்தால்.

“கறுப்பா, உள்ளே வயர் தெரிகிற வெள்ளையா?” என்று பில் எழுதும்போது நானா கேட்டார். வெள்ளைதான் அழகாக இருந்தது. ஒரு வருடத்தில் பிடிக்கப்போகும் பச்சையை நினைத்துக் கறுப்பை எடுத்தேன்.